பின்பக்க எடை

ரேஸ் கார் வேலை என்று சொன்னால் கொல்லிமலையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தன ஸ்பீடு போவீங்க சார்?" என்பதுதான். நான் எங்கும் போவதில்லை. ரேஸ் காரை ஒருமுறைகூட ஓட்டியதில்லை. ஓட்டச் சொன்னால் காய்ச்சல் வந்து படுத்துவிடுவேன். காரின் நான்கு சக்கரமும் தரையை விடாமல் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை. ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்குகிற டேம்பர், அவற்றைச் சக்கரத்தோடு சேர்க்கிற கம்பிகள், அவ்வளவுதான் என் உலகம். இதை விளக்க ஆரம்பித்தால் கேட்டவர் முகத்தில் ஆர்வம் வடிந்துவிடும். ஆனாலும் செம்மேட்டில் எனக்கு 'ரேஸ்கார சார்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி வருகிற ரேஸ்கார சாரைப் பார்த்து கண்டக்டர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த வேலைக்குப் பயந்தாங்கொள்ளிதான் லாயக்கு என்பது என் கட்சி. எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் ஒரு சக்கரம் ரோட்டைத் தொடுகிற இடம் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கைகளில் ஒன்று கண் சிமிட்டுகிற நேரம் தூக்கினாலும் கார் தன் இஷ்டத்துக்குப் போகும். ஓட்டுகிறவன் அதையே நினைத்துக்கொண்டிருந்தால் ஓட்ட முடியாது. அவனுக்காக வேறொருவன் நினைத்து நினைத்து நடுங்க வேண்டும். அந்த நடுக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பந்தயம் இல்லாத மாதங்களில் மலையில் இருப்பேன். என் மனைவி செம்மேட்டில் கால்நடை மருத்துவர். சுற்றிலும் உள்ள வாழவந்தி நாட்டு ஊர்களில் எந்த வீட்டு மாடு எப்போது கன்று போட்டது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். எங்கள் கல்யாண நாளை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும். அவளோடு நடந்து போனால் வழியில் எல்லோரும் "டாக்டரம்மா" என்று நின்று பேசுவார்கள். நான் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், காலையில் வயிற்று வலி என்றாள். வாயுவாக இருக்கும் என்று அவளே சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். மதியத்துக்கு மேல் வாழவந்தி நாட்டிலிருந்து போன் வந்தது. ஒரு விவசாயியின் மாட்டுக்கொட்டகையில் சினை மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். அந்த விவசாயியே தன் பிக்கப் வேனில் ஏற்றி செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அவள் அடிவயிற்றின் வலப்பக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தும்போது பல்லைக் கடித்தாள். கையை எடுத்ததும் கத்தினாள்.

"குடல்வால். எந்த நேரமும் வெடிக்கலாம். இங்க ஆபரேஷன் பண்ண வசதியில்ல, உடனே நாமக்கல் கொண்டு போங்க. முடிஞ்சவரைக்கும் குலுங்காம" என்றார் டாக்டர்.

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேசோடு கீழே போயிருந்தது. முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்குகிற ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. என் காரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதன் ஷாக் அப்சார்பர் நாலையும் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று நானே கழற்றி நாமக்கல் பட்டறையில் போட்டிருந்தேன். மிச்சம் இருந்தது எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ரோடும் வாசலில் நின்ற அந்தப் பிக்கப் வேனும்தான்.

மலையில் பிக்கப் வாங்குகிற எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். வாங்கின கையோடு நாமக்கல்லில் பட்டறைக்கு விட்டு, பின் சக்கர ஸ்பிரிங்கில் கூடுதலாக இரும்புப் பட்டைகளை அடுக்கிக்கொள்வார்கள். மரவள்ளிக் கிழங்கும் பலாப்பழமும் கம்பெனிக்காரன் சொன்ன அளவுக்கு ஏற்றினால் கட்டுப்படியாகாது, அதைப்போல இரண்டு பங்கு ஏற்ற வேண்டும். இந்த வேனிலும் அப்படித்தான் பட்டைகள் கற்றையாக இருந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் என் மூளை அதற்கு மேல் போகவில்லை.

காரணம், எனக்கு அப்போது வந்த கோபம். அவளைத் தாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் வேனின் பின்பக்கம் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வேன்காரரான அந்த விவசாயியின் மனைவி, தம்பி, எங்கள் வீட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மா, ஆடு வளர்க்கிற பெரியவர் ஒருவர், இன்னும் இரண்டு மூன்று பேர். மலையில் நோயாளியைத் தனியாகக் கீழே அனுப்புகிற வழக்கம் கிடையாது. வீட்டுக்கு ஒருவராவது துணைக்குப் போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, ஆள் தேறின பிறகுதான் திரும்புவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் ரேஸ் கார்க்காரனுக்கு எடை என்றால் எதிரி. கால் கிலோவைக் குறைக்க இரும்பில் ஓட்டை போடுகிற கூட்டம் நாங்கள். எடை கூடினால் பிரேக் சூடாகும், வண்டி நிற்காது, வளைவில் சாயும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"எல்லாரும் எறங்குங்க" என்று கத்தினேன்.

"தொணைக்கு ஆளில்லாம எப்புடிங்க சார் அனுப்பறது?" என்றார் வேன்காரரின் மனைவி.

"தொணையெல்லாம் வேண்டாங்க. வண்டி வெயிட்டில்லாம போனாப் போதும்."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். டீக்கடை அம்மா மட்டும் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் மனைவியின் கன்னத்தைத் தொட்டு, "ஒண்ணும் ஆகாது கண்ணு, போயிட்டு வா" என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

முன்னால் ஒரே நீள சீட்டு. வேன்காரர் ஓட்ட, நான் கதவோரம் உட்கார்ந்து மனைவியை மடியில் சாய்த்துக்கொண்டேன். சோளக்காடு வரை ரோடு ஓரளவு நேர். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் வேனின் பின்பக்கம் மரக்கட்டையைப் போலத் தூக்கி அடித்தது. அடிக்கும்போதெல்லாம் அவள் என் தொடையைப் பிறாண்டினாள். பந்தயத் தடத்தில் டேம்பரில் சென்சார் வைத்து, சக்கரம் எவ்வளவு துள்ளுகிறது என்று கம்ப்யூட்டரில் கோடுகளாகப் பார்ப்பேன். இங்கே கோடு வேண்டியிருக்கவில்லை. அவள் குரலே போதுமானதாக இருந்தது.

எழுபதாவது வளைவின் பலகை பனியில் பாதி தெரிந்தது. இறக்கத்தில் எண்கள் குறைந்துகொண்டே வரும். முதல் இரண்டு வளைவுகளில் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த வளைவில் வேன்காரர் பிரேக்கை மிதித்ததும் வண்டியின் வால் பக்கவாட்டில் நழுவியது. பக்கத்தில் இடுப்புயரக் கல் சுவர். அதற்கு அப்பால் பனி. அவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து வண்டியை நிமிர்த்தினார்.

"ஈரமுங்க சார், அவ்வளவுதான்" என்றார்.

ஈரம் மட்டும் இல்லை. இறக்கத்தில் பிரேக் போட்டால் வண்டியின் எடை முழுக்க முன்னால் போய்விடும். பின் சக்கரங்கள் சும்மா தொட்டுக்கொண்டு வரும். அதற்கு மேல் இந்த ஸ்பிரிங்குகளோ பெருஞ்சுமைக்கென்று கெட்டிப்படுத்தியவை. காலி வண்டியில் அவை வளையவே வளையாது, சக்கரம்தான் தரையைவிட்டுத் துள்ளும். பின்பக்கம் கெட்டியாகவும் லேசாகவும் இருந்தால் கார் வளைவில் வாலை வெளியே வீசும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. பந்தயத் தடத்தில் டிரைவர் ரேடியோவில் "பின்னாடி லூஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரை உள்ளே கூப்பிட்டுவிடுவேன். அதே நிலைமையை, ஆட்களைத் திட்டி இறக்கிவிட்டு, நானே பார்த்துப் பார்த்து உண்டாக்கியிருந்தேன்.

அடுத்த வளைவில் மறுபடி நழுவியது. என் மனைவி வலியில் கத்தினாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நானும் கத்தினேன். வளைவு முடிகிற இடத்தில், ரோடு கொஞ்சம் அகலமாக இருந்த பக்கம், நிறுத்தினார்.

இறங்கி மழையில் நின்றேன். பின்னால் எடை வேண்டும். கிழங்கு மூட்டை இருந்தால் போதும், ஆனால் அன்று ஒரு மூட்டையும் இல்லை. ஓரத்தில் கற்கள் கிடந்தன. கட்டி வைக்கக் கயிறில்லாமல் கல்லை ஏற்றினால் ஒவ்வொரு வளைவிலும் அது பள்ளத்துப் பக்கமாக உருண்டு வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். திரும்பி மேலே போய் ஆளோ மூட்டையோ ஏற்றி வரலாம் என்றால் அதற்கு நேரமில்லை. யோசிக்க யோசிக்கப் பயம்தான் கூடியது. ஜன்னலில் அவள் முகம் சுண்ணாம்பு நிறத்தில் தெரிந்தது.

அப்போது மேலே வளைவில் பைக் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பைக்குகள் வந்தன. நான் இறக்கிவிட்டவர்கள்தான். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவேண்டிய அவசியமில்லை. டாக்டரம்மாவைத் துணையில்லாமல் விட மனசு வரவில்லை, பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

அவர்களைப் பார்த்ததும் எனக்கு வந்தது நன்றி இல்லை. இதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொருவரும் எத்தனை கிலோ இருப்பார்கள் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. முகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பொய் சொல்லி ஏற்ற வாய் வரவில்லை. "வண்டி பின்னால வெயிட்டில்லாம ஆடுதுங்க. நீங்க ஏறுனா ஆடாது. தொணைக்குக் கூப்பிடலீங்க, எடைக்குத்தான் கூப்பிடறேன்" என்றேன். "இத்தன பேரு ஏறுனா பிரேக் தாங்குமான்னும் எனக்குச் சொல்லத் தெரியல. போனா எல்லாரும் சேந்துதான் போவோம்."

"ஏனுங்க சார், அப்பவே ஏறித்தானுங்க உக்காந்திருந்தோம். நீங்கதான எறக்கி உட்டீங்க" என்றார் வேன்காரரின் மனைவி. சொல்லிவிட்டு முதல் ஆளாகச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார்.

"எடைக்குன்னா நா எதுக்கு ஆவப்போறேன் சாமி, எலும்புந் தோலுந்தான்" என்றார் ஆட்டுக்காரப் பெரியவர். அவரும் ஏறினார்.

டீக்கடை அம்மா ஏறுவதற்கு முன் ஓரமாகப் போய் போன் பேசினார். "பசங்க ஸ்கூல் உட்டு வந்தா சோறு போட்டுரு. நா வர நேரமாவும்" என்றது என் காதில் விழுந்தது. அவர் கணவர் இல்லாதவர். நீங்கள் வேண்டாம், இருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கிருந்தவர்களில் அவர்தான் நல்ல கனமான ஆள்.

யாரும் நிற்கக் கூடாது, பின் சக்கரத்துக்கு நேர் மேலே தரையோடு தரையாக நெருக்கி உட்காருங்கள், பக்கக் கம்பியை விடாதீர்கள், வளைவில் மலைப் பக்கமாகச் சாயுங்கள் என்று சொன்னேன். பந்தயத்தில் காரின் எடையைச் சமன்செய்கிற ஈயக்கட்டியை எங்கே வைத்து முடுக்குவது என்று மெக்கானிக்குகளுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னேன் என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது உடம்பு கூசியது.

வேன் நகர்ந்ததும் வித்தியாசம் தெரிந்தது. ஸ்பிரிங்குகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் வண்டி அமுங்கி எழுந்தது. வளைவில் வால் ரோட்டோடு ஒட்டி வந்தது. என் மனைவி கத்துவதை நிறுத்திவிட்டு முனகினாள். நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் பயம் பல மடங்காகிவிட்டது. முன்பு ஒரு உயிர் என் மடியில் இருந்தது. இப்போது முதுகுக்குப் பின்னால், தகரத்துக்கு அந்தப்பக்கம், அத்தனை பேர் மூச்சு விடுவது எனக்குக் கேட்பதுபோல இருந்தது.

பாதி வளைவுகள் தாண்டினபோது நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாசனை வந்தது. காய்ந்த ரப்பரும் இரும்பும் சேர்ந்து தீய்கிற வாசனை. பிரேக் சூடேறிவிட்டது. இரண்டாவது கியரிலேயே வந்தும் சூடேறிவிட்டது. கொஞ்சம் ஆறவிட்டால்தான் சரியாகும் என்று மறுபடி நிறுத்தச் சொன்னேன்.

வண்டி நின்ற அந்த அமைதியில் என் மனைவி கண்ணைத் திறந்தாள். "வலி விட்டுருச்சு" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பாடா" என்றேன். அவள் முகத்தில் அப்பாடா இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திடீர்னு விட்டா நல்லதில்லங்க. வெடிச்சிருக்கும்" என்று மெல்லச் சொன்னாள். மாட்டுக்கோ மனுஷனுக்கோ வயிற்றுக்குள் நடப்பது அவளுக்குத் தெரியும். "நிறுத்தாதீங்க. போகச் சொல்லுங்க."

பிரேக் ஆறக் காத்திருந்தால் இவள். காத்திருக்காமல் போனால் எல்லோரும். வேன்காரர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, முதல் கியரைப் போட்டார்.

"மெதுவா உருட்டிட்டே போயிரலாமுங்க" என்றார். பின்னால் தலையைத் திருப்பி, "கெட்டியாப் புடிச்சுக்கங்கோ" என்று சத்தம் போட்டார்.

அடிவாரம் நெருங்குகிற ஒரு வளைவில் பஸ் வந்தது. மேலே ஏறுகிற பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், எதிரே வருகிறவன் முன்னாலேயே நின்றுகொள்ள வேண்டும். ஹாரன் சத்தத்தை மழை விழுங்கிவிட்டதோ என்னவோ, பஸ்ஸின் முகம்தான் முதலில் தெரிந்தது. வேன்காரர் பிரேக்கை மிதித்தார். மிதி பாதி தூரம் காற்றை மிதிப்பதுபோல உள்ளே போனது. எடுத்து மறுபடி மிதித்தார். மறுபடி. ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போனோம். வால் ஒரு சாண் வெளியே போனதை என் இடுப்பில் உணர்ந்தேன். கதை முடிந்தது என்று நினைத்தேன். அவளைக் குனிந்து மூடிக்கொண்டேன். அப்போது பின்னால் ஏதோ மொத்தமாக நகர்ந்தது. அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மலைப் பக்கமாகச் சாய்ந்திருந்தார்கள். பின் சக்கரம் ரோட்டைப் பிடித்தது. பஸ்ஸின் பம்பருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவு இடைவெளியில் வேன் நின்றது.

பஸ் டிரைவர் கையை ஆட்டித் திட்டினார். நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆட்டுக்காரப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தார், நான் பஸ்ஸில் பிடிப்பதைப் போலவே.

காரவள்ளி அடிவாரத்தில் இறங்கியதும் நல்ல ரோடு. நாமக்கல் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டு போனார்கள். வெடித்துத்தான் இருந்தது. சுத்தம் செய்து தைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் ஆபரேஷன் செய்தவர். பின்னால் வந்தவர்கள் நனைந்த துணியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கம்பியைப் பிடித்து மரத்துப்போன விரல்களை நீட்ட முடியாமல் மடக்கியபடியே டீ டம்ளரைப் பிடித்துக் குடித்தார்கள். நான் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, டீக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவளுக்கு நன்றாக நினைவு திரும்பியது. நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டாள். சொன்னேன். பிரேக் மிதி உள்ளே போனதையும் சொன்னேன்.

"எதுக்கு ஏத்துறீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லித்தான் ஏத்துனேன்."

மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வேனுக்குள்ள வேற யாரோட பொண்டாட்டியாவது படுத்திருந்து, நான் அந்த ரோட்டுல நின்னிருந்தா, என்னைப் பின்னால ஏத்தியிருப்பீங்களா?"

சமாளித்திருக்கலாம். அந்த மாதிரிக் கேள்வி எல்லாம் இப்போது எதற்கு, தூங்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ரோடும் பனியும் மழையில் காத்து நின்ற வேனும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அதில் அவள் கால் வைத்து ஏறப் போவதும் தெரிந்தது.

"மாட்டேன்" என்றேன். "ஏற விட்டிருக்க மாட்டேன்."

பிடித்திருந்த என் கையை அவள் விடவில்லை. வெளியே வராந்தாவில் டீக்கடை அம்மா யாருக்கோ போன் செய்து, டாக்டரம்மா கண் முழித்துப் பேசுகிறார் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.